பர்கர் பேச்சுக்குக் கத்திரி போடலாமா?

கேள்வி: ஹாலிவுட் இயக்குநர் டரான்டினோவின் படத்தில் ஆளைச் சுடப் போகிற ரெண்டு பேர் பர்கர், கால் பிடித்துவிடுவது என்று வழியெல்லாம் வெட்டிப்பேச்சு பேசுகிறார்கள். அதைத் தூக்கிவிட்டால் படம் இன்னும் விறுவிறுப்பாக இருக்காதா?

பதில்: தூக்கிப் பாருங்கள். கறுப்பு கோட்டு போட்ட இருவர் கதவைத் தட்டுவார்கள், உள்ளே போவார்கள், சுடுவார்கள். சுட்டவனும் யாரோ, செத்தவனும் யாரோ. நீங்கள் பாப்கார்ன் வாங்க எழுந்து போய்விடுவீர்கள்.

நீங்கள் சொல்வது 1994-இல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்'. எது எதற்குப் பிறகு வருகிறது என்று கவனித்தீர்களா? காரில் பர்கர் பேச்சு. அடுத்து டிக்கியைத் திறந்து துப்பாக்கி எடுக்கிறார்கள். மேலே எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிறார்கள். கால் பிடித்துவிடும் சர்ச்சை அதற்கப்புறம்தான். கோட்டுக்குள் துப்பாக்கி இருப்பது தெரிந்த பிறகு கேட்கிற பேச்சு, வெறும் அரட்டையாகக் காதில் விழாது. வாசலுக்கே வந்துவிட்டு இருவரில் ஒருவனான ஜூல்ஸ் மணி கேட்கிறான். காலை 7.22. இன்னும் நேரம் ஆகவில்லையாம்! தள்ளிப்போய் நின்று, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறார்கள். ஆபீசுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள் டீக்கடையில் நிற்கிற மாதிரி. இது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு என்பதை வேறெப்படிச் சொல்வீர்கள்?

அந்தச் சர்ச்சையிலும் சரக்கு இருக்கிறது. முதலாளி மனைவியின் காலைப் பிடித்துவிட்டவனை மாடியிலிருந்து தூக்கிப் போட்டார்கள் என்ற வதந்தி அதில்தான் வருகிறது. அதே மனைவியோடு ஒரு மாலை வெளியே போக வேண்டியவன் ஜூல்ஸின் கூட்டாளி வின்சென்ட். பின்னால் அவன் அவளோடு ஆடும்போது நமக்கு வயிற்றில் புளி கரைப்பது இதனால்தான்.

கதவைத் தட்டுமுன் ஜூல்ஸ், 'வா, வேஷம் கட்டுவோம்' என்கிற பொருளில் ஒரு வரி சொல்கிறான். இனி பாருங்கள். பாரிஸில் குவார்ட்டர் பவுண்டர் (கால் பவுண்டு) பர்கருக்கு வேறு பெயர், அங்கே மெட்ரிக் அளவு என்று காரில் வின்சென்ட் சொன்ன அதே துணுக்கு, அறைக்குள் ஆயுதமாகிவிடுகிறது. நடுங்கிக்கொண்டிருக்கும் பையனின் பர்கரை ஜூல்ஸ் மரியாதையாகக் கேட்டு வாங்கிக் கடிக்கிறான். அந்தப் பெயருக்குக் காரணம் என்ன என்று வினாடி வினா நடத்துகிறான். பையன் சரியான விடை சொல்ல, பாராட்டு வேறு! பிறகு அவனுடைய ஸ்ப்ரைட்டை உறிஞ்சித் தீர்க்கிறான். அடுத்தவன் காலை உணவைத் தின்றே அறையைக் கைப்பற்றிவிட்டான். குரல் உயர்வது அப்புறம்தான்.

டரான்டினோவின் 'இன்க்ளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' (2009) படத்தில் வரிசை வேறு. பிரெஞ்சுப் பண்ணைவீட்டில் ஒரு தம்ளர் பால் குடித்து, ஏகப்பட்ட பணிவோடு பேசுகிறான் நாஜி அதிகாரி லாண்டா. இனி ஆங்கிலத்தில் பேசலாமா என்று அனுமதியும் கேட்கிறான். பாதிப் பேச்சில் கேமரா தரைப் பலகைக்குக் கீழே இறங்குகிறது: ஒளிந்திருக்கும் யூதக் குடும்பம். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பணிவு எதற்கு என்று பிறகுதான் உறைக்கிறது.

இதைப் பார்த்து எழுதுகிறவர்கள் பேச்சை எடுத்துக்கொண்டு ஆபத்தை விட்டுவிடுகிறார்கள். ரவுடிகள் பிரியாணி பற்றிப் பேசுவார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. இன்னொன்று, எல்லா வாயிலிருந்தும் வசனகர்த்தாவே பேசுவார். தாளில் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள்; யார் பேசுவது என்று தெரியாவிட்டால் கிழித்துப் போடலாம். ஜூல்ஸ் எதிலும் நியாயம் தேடுகிறவன், வின்சென்ட் சொல்லுக்குச் சொல் குத்தம் பிடிக்கிறவன். பெயர் போடாமலே தெரியும்.

டரான்டினோவுக்கும் சறுக்கியிருக்கிறது. 'டெத் ப்ரூஃப்' (2007) படத்தில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே கத்திரி போடுவதென்றால் சொல்லுங்கள், நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.