ஆஸ்பெக்டும் கம்போனென்டும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஜாவா மொழி, அதில் புரோகிராம் கட்ட உதவும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க், இவை சம்பந்தமாக மட்டும். எந்த கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்காதீர்கள்.

புதுமுகம்: லாகிங் தவிர ஆஸ்பெக்டுக்கு வேறு வேலை உண்டா சார்?

டிரான்சாக்ஷன் (முழுதாக முடியும், இல்லாவிட்டால் முழுதாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலை), அனுமதிச் சோதனை, கேஷ் (ஒருமுறை எடுத்ததை மறுபடி தர வைத்திருப்பது). பத்து கிளாஸில் அதே நாலு வரியை ஒட்டுகிறோமே, அதை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதுதான் ஆஸ்பெக்ட். 1997இல் ஜெராக்ஸ் பார்க்கில் கிரெகர் கிசாலெஸ் குழு எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. ஒன்று மட்டும்: எந்தெந்த மெத்தடில் ஆஸ்பெக்ட் ஓட வேண்டும் என்று சொல்வது பாயின்ட்கட்; அதில் எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியைத் தூவாதீர்கள்.

செல்வி: ஒரே கிளாஸில் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிடுகிறது. இரண்டாவதன் மேல் @டிரான்சாக்ஷனல் என்ற அனோட்டேஷன் (கோடின் மேல் ஒட்டும் குறிப்பு) இருந்தும் டிரான்சாக்ஷன் தொடங்கவில்லை.

ஸ்பிரிங் வழக்கமாக உங்கள் பீனுக்குள் (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) எதையும் நுழைப்பதில்லை. முன்னால் ஒரு ப்ராக்ஸியை வாட்ச்மேன் மாதிரி உட்காரவைக்கிறது. கேட் வழியாக வருபவரைத்தான் அவர் நிறுத்துவார்; ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிறவரை அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது மெத்தடைத் தனி பீனாக்கி இன்ஜெக்ட் செய்யுங்கள். அந்த மெத்தடை ஃபைனல் ஆக்கிவிடாதீர்கள், உங்கள் கிளாஸுக்கு சப்கிளாஸ் செய்து உருவாகும் சிஜிலிப் ப்ராக்ஸியால் அதை ஓவர்ரைடு செய்ய முடியாது.

பழைய பெருச்சாளி: கம்போனென்ட் என்றாலே உள்ளே எட்டிப்பார்க்காமல் வாங்கி மாட்டுவது. ஆஸ்பெக்ட் உள்ளேயே கைவிடுகிறது. பொருந்தாத ஜாதகம் இல்லையா?

இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை வெளியாரின் ஜாரில் (கம்பைல் செய்து கட்டிய ஜாவா பொட்டலம்) இருந்த மெத்தட் பெயரை நம்பி பாயின்ட்கட் எழுதினேன். அடுத்த பதிப்பில் பெயரை மாற்றிவிட்டார்கள். கம்பைல் ஆனது, ஓடியது, எர்ரர் ஒன்றுமில்லை. அனுமதிச் சோதனை மட்டும் நடக்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் விரியே பல்கலைக்கழகத்தார் 2003இல் ஜாஸ்கோ என்று ஓர் ஆஸ்பெக்ட் மொழி கொண்டுவந்தார்கள். அதில் ஆஸ்பெக்ட் பீனில் எந்தக் கம்போனென்டின் பெயரும் இராது. எதை எதோடு கட்டுவது என்பதைத் தனியாக ஒரு கனெக்டர் சொல்லும். பெயர் மாறினால் கனெக்டரை மட்டும் திருத்தினால் போதும். நான் இப்போது வெளியே தெரியும் இன்டர்ஃபேஸ் அல்லது அனோட்டேஷன், இவற்றைத்தான் பிடிப்பேன்.

பழைய பெருச்சாளி: அனோட்டேஷன் போட்டபிறகு கம்போனென்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டதே! அதற்குப் பெயர் ஆஸ்பெக்டா?

கிசாலெஸ் ஒத்துக்கொள்வாரோ என்னவோ, ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வருவதில்லை.

பழைய பெருச்சாளி: அப்படியானால் தோற்றதாக எழுதிக்கொடுங்கள்.

பாதி தோல்வி. வெளியார் ஜாரில் அனோட்டேஷன் போட முடியாது, அங்கே உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது.

ராம்: @டிரான்சாக்ஷனல் வேலை செய்யவில்லை, அவசரம்.

செல்விக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குட்டி கோடர்: 'திஸ்' போட்டுக் கூப்பிட்டால்?

'திஸ்' இருப்பதே வீட்டுக்குள்தான் தம்பி.

மீனா: ஐஓ எக்செப்ஷன் வந்தும் ரோல்பேக் ஆகவில்லை.

அது செக்டு எக்செப்ஷன், அதாவது கையாளச் சொல்லி கம்பைலரே கட்டாயப்படுத்தும் வகை. அதற்கு ரோல்பேக், அதாவது செய்ததை ரத்து செய்வது, இயல்பாக ஆகாது. @டிரான்சாக்ஷனலில் ரோல்பேக்ஃபார் கொடுங்கள்.

ஜெய்: இரண்டு ஆஸ்பெக்டில் எது முதலில் ஓடும்?

@ஆர்டரில் சின்ன எண் வெளியே நிற்கும், அதுவே முதலில். போடாவிட்டால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. நட்சத்திரக் குறி தூவியிருக்கிறீர்களா?

ஜெய்: ஆமாம் சார்...

நினைத்தேன்.

அருண்: சார், @டிரான்சாக்ஷனல்...

செல்வி, நீங்களே சொல்லிவிடுங்கள்.

செல்வி: தனி பீனாக்குங்க அருண். எனக்கு இப்போ ஓடுது.