துவைத்த டி-ஷர்ட்டில் பழைய வியர்வை வாடை

கேள்வி: பையன் பெருந்துறையில் காலேஜ் படிக்கிறான். தினமும் சாயங்காலம் ஷட்டில் விளையாடுவான். திருப்பூர் காதர்பேட்டையில் மூன்று ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் வாங்கிக் கொடுத்தோம். துவைத்து மடிக்கும்போது சோப்பு வாசம்தான் வருகிறது. போட்டுப் பத்து நிமிஷம் விளையாடினால் போன வாரத்து வியர்வை நாற்றம் அப்படியே திரும்பி வருகிறது. அவங்கப்பா போடும் பழைய காட்டன் பனியனில் இந்தத் தொல்லை இல்லை. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?
— ஒரு வாசகி, விஜயமங்கலம்

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லைங்க. விலாத் தையலுக்குள் இருக்கும் லேபிளைப் புரட்டிப் பாருங்கள், அநேகமாக 100% பாலியஸ்டர் என்று இருக்கும். டாட் நிட், ரைஸ் நிட், டிரை ஃபிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடையில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அதைத்தான்.

வியர்வைக்கென்று பெரிய நாற்றம் கிடையாது. அதில் இருப்பதைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா தின்று கழிப்பதுதான் நாறுகிறது. அக்குள் வியர்வையில் தண்ணீரோடு எண்ணெய்ப் பசையும் உண்டு. பருத்தி தண்ணீரோடு ஒட்டும் இழை. சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரம் பிடித்து வைத்திருக்கும், கம்பளி 16 கிராம் வரை. பாலியஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. ஆனால் எண்ணெய் என்றால் விடாது. ரசம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் மூடியைத் திறந்ததும் ரசம் மணக்கிறதல்லவா, அந்தக் கதைதான். துவைக்கும்போது தண்ணீர் இழைக்குள் போவதில்லை, பிசுக்கு வெளியே வருவதில்லை. உடம்புச் சூடு பட்டதும் வாடை கிளம்புகிறது.

என்னிடமும் அப்படி ஒரு நீல டி-ஷர்ட் இருந்தது. இஸ்திரிப் பெட்டி அக்குள் பக்கம் போனதும் குப்பென்று மூக்கில் ஏறும். துவைத்த துணிதான், முந்தின நாள் ராத்திரி காயப்போட்டதுதான்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய டி-ஷர்ட்டுகளை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில்தான் நன்றாகப் பெருகியிருந்தது.

அதற்காகக் காட்டனைத் தூக்கிக் கொண்டாட வேண்டாம். விளையாடும்போது நனைந்து கனத்து முதுகில் ஒட்டும், ராத்திரி முழுக்கப் பைக்குள் கிடந்தால் அதுவும் மக்கல் நாற்றம் அடிக்கும். ஒரே வித்தியாசம், துவைத்தால் போய்விடும். ஷட்டிலுக்குப் பாலியஸ்டரே இருக்கட்டும். காலேஜுக்கும் வீட்டுக்கும் காட்டன் எடுங்கள், திருப்பூரை வைத்துக்கொண்டு அதற்கா பஞ்சம்? நடுவில் நிற்கிற பிசி துணியும் உண்டு, அதாவது பாலியஸ்டரும் காட்டனும் கலந்தது. சீக்கிரம் காயும், பாலியஸ்டர் பங்கு ஏற ஏற வாடையும் ஏறும்.

இருக்கிற மூன்றையும் காப்பாற்ற ஒரு வழி. விளையாடி வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசிவிடச் சொல்லுங்கள். போர் தண்ணீர் என்றால் கட்டி சோப்பைத் தவிருங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, அந்தப் பிசுக்கும் இழையில் படியும். பவுடரோ லிக்விடோ போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊற வையுங்கள். வாசத்துக்காகக் கம்ஃபர்ட் மாதிரி ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அது துணிமேல் ஒரு பூச்சாகப் படிந்து, வியர்வையை இழுத்துக் காயவைக்கும் குணத்தைக் கெடுக்கும்.

கேள்வி: மூங்கில் சாக்ஸ், ஆன்டி-பாக்டீரியல், நாற்றமே வராது என்று விற்கிறார்கள். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?
— உடுமலை வாசகர்

பதில்: மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக இழுத்தால் அது விஸ்கோஸ். மரக்கூழில் செய்தாலும் விஸ்கோஸ்தான். மூங்கிலுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் இருந்தாலும் கரைசலில் அது மிஞ்சுவதில்லை. இப்படி விளம்பரம் செய்த கம்பெனிகள் மேல் அமெரிக்காவில் பொய் விளம்பரங்களைத் தட்டிக் கேட்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-இலேயே நடவடிக்கை எடுத்தது. மெத்தென்று இருப்பது பிடித்தால் வாங்குங்கள், நாற்றத்துக்காக வேண்டாம். அந்தக் காசில் இரண்டு ஜோடி காட்டன் சாக்ஸ் எடுத்து மாற்றி மாற்றிப் போடலாம். ஷூவையும் ஒரு நாள் வெயிலில் வையுங்கள், பாதி நாற்றம் அதில்தான் இருக்கிறது. கிருமியைத் தடுக்க சில்வர், அதாவது வெள்ளிப் பூச்சு என்று ஒன்றும் வருகிறது. மேல்பூச்சாக இருந்தால் துவைக்கத் துவைக்கக் குறையும், எத்தனை சலவை தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: ஊட்டிக்குப் போகும்போது எடுத்த ஸ்வெட்டர் இரண்டே நாளில் வாடை அடித்தது. கம்பளி நாறாது என்கிறார்களே?
— கோபி வாசகர்

பதில்: கம்பளி சீக்கிரம் நாறாது, உண்மைதான். வாடையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், காற்றாட உலர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் நீங்கள் எடுத்தது கம்பளிதானா? வுல்லன் என்று கொடுப்பதில் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் நிறைய. உள்தையலில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். முடி பொசுங்குகிற நாற்றத்தோடு கருகி, கையில் நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிக் கறுப்பாகக் கெட்டி உருண்டை ஆனால் அக்ரிலிக்.