பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பில் துப்பாக்கி, உங்கள் கையில் ஹெச்-1பி: போலீஸ் நிறுத்தினால்?

கேள்வி: டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறேன். எனக்கு ஹெச்-1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த ஹெச்-4. பக்கத்து வீட்டு அமெரிக்கர் நல்ல மனிதர். எல்லாரும் பார்க்கும்படி இடுப்பில் கைத்துப்பாக்கியோடுதான் கடை கண்ணிக்குப் போவார். “சனிக்கிழமை ரேஞ்சுக்கு வா, சுடக் கற்றுத் தருகிறேன்” என்கிறார். இங்கே லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, நானும் ஒன்று வாங்கலாமா? அவரோடு காரில் போகும்போது போலீஸ் நிறுத்தினால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சனிக்கிழமை நெருங்குகிறது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சில் நீங்கள் சுட வேண்டாம். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் மனைவிக்கும் இதேதான்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. டெக்சாஸில் ‘லைசென்ஸ் டு கேரி’ என்ற லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டுபோகலாம் என்பது 2016 ஜனவரி 1 முதல் சட்டம். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்களுக்கு அந்த லைசென்ஸும் தேவையில்லை. வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது உறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 2021 சட்டத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் யாரைத் தடுத்திருக்கிறதோ அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மத்திய அரசின் சட்டம் தடுத்திருப்பவர்களில் நீங்களும் ஒருவர்.

ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, மாணவர்களின் எஃப்-1, ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வரும் அப்பா அம்மாவின் பி-2 எல்லாமே தற்காலிக விசாக்கள். இப்படி வந்தவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதலாகிப் பத்து வருஷமாகக் கிரீன் கார்டு வரிசையில் நின்றாலும், வீடு வாங்கி வரி கட்டினாலும், ஹெச்-1பி தற்காலிக விசாதான். 2022-இல் இதற்கான அதிகபட்ச தண்டனையைப் பத்து ஆண்டிலிருந்து பதினைந்தாக உயர்த்தினார்கள்.

நம்மவர்கள் பலரும் சறுக்குவது ‘வைத்திருத்தல்’ என்ற சொல்லில்தான். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள். ரேஞ்சில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் வைத்திருத்தல்தான். ஃபுளோரிடாவில் படிக்க வந்த ஒரு மாணவர், படிப்பிலிருந்து நீக்கப்பட்டு விசா தகுதியை இழந்த நிலையில், ஒரு ரேஞ்சுக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளால் சுட்டார். பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ரெஹைஃப் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை இன்னது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்பால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஹெச்-1பியில் இருக்கிறேன் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு: மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. யாராவது உங்களிடமும் இதைச் சொல்லியிருக்கலாம். வேட்டைக்குப் போகிற ஆர்வம் உண்மையாகவே இருந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரேஞ்சில் ஒரு நாள் சுட்டுப் பார்ப்பதற்காக அந்தக் காகிதத்தை நம்பி இறங்க வேண்டாம் என்பேன். கடையில் வாங்கும்போது நிரப்புகிற 4473 படிவத்தில் குடியுரிமை பற்றிக் கேட்பார்கள். அங்கே ‘அமெரிக்கக் குடிமகன்’ என்று பொய்யாகக் குறித்தால் கிரீன் கார்டுக் கனவே அத்தோடு போய்விடலாம்.

சரி, காருக்கு வருவோம். துப்பாக்கி அவர் இடுப்பில் இருக்கும்வரை அது அவருடையது. பக்கத்தில் உட்கார்ந்ததற்காக நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். சிக்கல் எங்கே வரும் தெரியுமா? பெட்ரோல் போட இறங்குவார். பக்கத்தில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லாத ஒரு கட்டடத்துக்குள் போக வேண்டியிருக்கும். உறையோடு கழற்றி, “இதைக் கொஞ்சம் வைத்திரு” என்று நீட்டுவார். அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்து. வாங்காதீர்கள். உங்கள் சீட்டுக்கு அடியிலும் உங்கள் பையிலும் வைக்க விடாதீர்கள். அவரே வண்டியில் வைத்துப் பூட்டட்டும், சாவியும் அவரிடமே இருக்கட்டும்.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்பதற்கு முன், நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் போலீஸ் கை காட்டினால் நாம் என்ன செய்வோம்? வண்டியை ஓரம் கட்டிவிட்டு மரியாதையாக இறங்கி, பின் பாக்கெட்டில் கை விட்டபடியே “சார்” என்று நடந்து போவோம். ஆர்.சி. புக்கைத் தேடிச் சீட்டைத் தூக்குவோம். இறங்காமல் உட்கார்ந்திருந்தால்தான் அங்கே திமிர். அமெரிக்காவில் இதே மரியாதை ஆளைக் கொன்றுவிடும். சொல்லாமல் கதவைத் திறந்து இறங்குபவர் தாக்க வரலாம் என்றுதான் அங்கே போலீஸ் நினைக்கும். டேஷ்போர்டு பக்கம் குனியும் கை துப்பாக்கியை எடுக்கப் போகிறது என்றே எண்ணுவார்கள்.

அதனால் வண்டி நின்றதும் இன்ஜினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். ஜன்னலை இறக்குங்கள். ஓட்டுபவரின் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், உங்கள் இரண்டு கையும் விரல்கள் தெரியும்படி முன்னாலிருக்கும் டேஷ்போர்டு மேல். சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். ஆஃபீசர் வந்து பேசும்வரை எதையும் தேட வேண்டாம். இன்சூரன்ஸ் காகிதத்தை கிளவ் பாக்ஸில், அதுவும் துப்பாக்கிக்குப் பக்கத்தில், வைக்கவே கூடாது. சன்வைசரில் செருகி வையுங்கள்.

2016 ஜூலை 6-ஆம் தேதி மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவரின் காரை நிறுத்தினார்கள். பின்விளக்கு எரியவில்லை என்று பேச்சு தொடங்கியது. காஸ்டீல் ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளர், துப்பாக்கி கொண்டுபோக முறையான அனுமதி உள்ளவர். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஆஃபீசரிடம் அவரே பணிவாகச் சொன்னார். அப்படிச் சொன்ன சில நொடிகளில் ஏழு முறை சுட்டார் ஆஃபீசர். பின் சீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. அடுத்த வருஷம் அந்த ஆஃபீசரை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இன்னும் மனம் ஆறவில்லை, எனக்கும்தான். காஸ்டீல் மேல் எந்தத் தவறையும் நான் ஏற்றவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: ‘துப்பாக்கி’ என்ற சொல் முதலில் வர வேண்டாம். கைகள் அசையாமல் இருக்க, “ஆஃபீசர், எனக்கு லைசென்ஸ் டு கேரி இருக்கிறது. வலது இடுப்பில் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஆடாமல் உட்கார வேண்டும். லைசென்ஸ் உள்ளவர், கைத்துப்பாக்கியோடு இருக்கும்போது அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அது டெக்சாஸ் சட்டம். பாதுகாப்புக்குத் தேவை என்று தோன்றினால் ஆஃபீசர் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்போது “என் உரிமை” என்று இழுக்க வேண்டாம். கொடுப்பதும்கூட வேண்டாம், ஆஃபீசரே எடுக்கட்டும்.

நடந்து போகும்போது நிறுத்தினால் கதை கொஞ்சம் வேறு. அனுமதி உள்ள மாநிலத்தில் இடுப்பில் துப்பாக்கி தெரிகிறது என்பது மட்டுமே ஒருவரைப் பிடித்து வைக்கக் காரணமாகாது. ஒஹாயோவின் டொலீடோவில் 2010-இல் ஒருவர் குடும்பத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார், இடுப்பில் துப்பாக்கி. வழியில் பார்த்த ஒருவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். போலீஸ் வந்து கைவிலங்கு போட்டு உட்கார வைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அவர் பக்கம் பேசியது. நியாயம் கிடைத்தது, ஐந்து வருஷம் கழித்து. விலங்கு பூட்டப்பட்ட அன்று சட்டப் புத்தகம் அவருக்கு உதவவில்லை. அதே ஒஹாயோவில் 2014 ஆகஸ்டில், பீவர்கிரீக் வால்மார்ட்டில், ஜான் கிராஃபர்ட் என்ற 22 வயது இளைஞர் கடை அலமாரியிலிருந்த காற்றுத்துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு போனில் பேசியபடி நடந்தார். யாரோ 911-ஐ அழைக்க, வந்த போலீஸ் சுட்டுக் கொன்றது. அழைத்தவர் சொன்னதும் கடைக் கேமராவில் தெரிந்ததும் ஒத்துப்போகவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒன்று நடந்தது. 2016 ஜூலை 7 இரவு டாலஸில் பேரணியின்போது ஒருவன் சுட்டதில் ஐந்து போலீஸார் இறந்தார்கள். ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு சட்டப்படி பேரணிக்கு வந்திருந்த ஒருவரின் படத்தை, தேடப்படுபவர் என்று போலீஸே வெளியிட்டுவிட்டது. துப்பாக்கியைப் போலீஸிடம் ஒப்படைத்த அவர் பிழைத்தார். குழப்பம் மூண்டால் யார் நல்லவர் என்று தெரிய வழியே இல்லை. அப்படி ஒரு சத்தம் கேட்டால், துப்பாக்கி வைத்திருக்கும் நண்பரை விட்டு விலகி நில்லுங்கள்.

அவரை நிறுத்தி விசாரிக்கும்போதும் இப்படித்தான். நாலடி தள்ளி, கைகள் வெளியே. நடுவில் புகுந்து சமாதானம் பேச வேண்டாம். வீடியோ எடுக்கலாம். டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமையை 2017-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் போனைப் பாக்கெட்டிலிருந்து வெடுக்கென்று உருவாதீர்கள். “நான் போகலாமா, ஆஃபீசர்?” என்று கேளுங்கள். போகலாம் என்றால் போய்விடுங்கள். பெயரும் பிறந்த தேதியும் பொய்யாகச் சொல்வது குற்றம். யூட்யூபில் ஐடி காட்ட மறுத்து வாதாடுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் குடிமக்கள். 18 வயதான வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. நாட்டுக்குள் வந்ததைப் பதிவு செய்யும் ஐ-94-இன் அச்சுப்படி பர்ஸில் இருக்கட்டும்.

கடையில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியைப் பார்த்தாலே 911-ஐ அழைக்க வேண்டியதில்லை. கையில் உருவினால், யாரையாவது குறி பார்த்தால், மிரட்டினால் அழையுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

கிரீன் கார்டு வந்த பிறகு துப்பாக்கி வாங்கலாம், கொண்டுபோகவும் செய்யலாம். அப்போதும் லைசென்ஸ் டு கேரியை வாங்கிவிடுங்கள். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு, லைசென்ஸ் இல்லாமல் போகிறவருக்கு இல்லை. ஃபிரிஸ்கோவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளி! கடை, கோயில் வாசல்களில் 30.07 என்ற எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை இருந்தால் வெளியே தெரியும்படி உள்ளே கொண்டுபோகக் கூடாது. மது விற்கும் இடத்தில் சிவப்பில் 51% என்று இருந்தால் எந்த விதத்திலும் கூடாது. இன்னொன்று, கிரீன் கார்டு இருந்தாலும் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம். குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற விஷயம் உங்களுக்கு விமானத்தில் முடியலாம்.

சனிக்கிழமை அவரிடம் சாக்குப்போக்கு சொல்ல வேண்டாம். “என் விசாவுக்குச் சட்டம் அனுமதிக்கவில்லை, கிரீன் கார்டு வரட்டும், வருகிறேன்” என்று நேராகச் சொல்லுங்கள். பல அமெரிக்கர்களுக்கு இது தெரியாது, கேட்டால் வருத்தப்பட்டு மன்னிப்பே கேட்பார்கள். கூடப் போய் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். கவுன்ட்டரில் கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.