எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் தினமும் சேர்ந்து வேதம் வாசிக்க ஆரம்பித்தோம், அதற்குள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

ஆதியாகமத்தில் தொடங்கியிருப்பீர்கள், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை எத்தனை முழத்தில் கட்ட வேண்டும் என்ற கணக்கு வந்ததும் ஆட்கள் நழுவியிருப்பார்கள். இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1549-ல் இங்கிலாந்து சபைக்கு வந்த ஜெபப் புத்தகத்தின் முன்னுரையிலேயே இதே ஆதங்கம் இருக்கிறது: ஆதியாகமத்தையும் ஏசாயாவையும் ஆரம்பிக்கிறார்கள், முடிப்பதே இல்லை என்று. அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தைத் தொகுத்த பேராயர் கிரான்மர் காலை, மாலை ஆராதனைக்கு அட்டவணை போட்டார். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி வருடத்துக்கு ஒரு முறை, புதிய ஏற்பாடு ஏறக்குறைய முழுவதும் மூன்று முறை, 150 சங்கீதமும் மாதாமாதம்.

அதனால் நீங்களாகத் திட்டம் போடாதீர்கள், உங்கள் சபையின் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி வாசிப்பது வெறும் சடங்கு, ஆவியானவர் நடத்துகிறபடிதான் வாசிக்க வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நமக்குப் பிடித்ததை நாமே பொறுக்கினால், பிடித்த பத்துப் பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருவோம்.

நாங்கள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் போனில் சேர்ந்து வாசிக்கிறோம், ஆளுக்கொரு பகுதி. குழுவில் ஒரு அக்கா, கணவரை அடக்கம் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பழைய ஜெபப் புத்தகக் கணக்கில் 17-ம் தேதி காலைக்கு 86, 87, 88-ம் சங்கீதங்கள். 88 அவர் முறைக்கு வந்தது. வாசித்தவர்களுக்குத் தெரியும், அது முதலிலிருந்து கடைசிவரை புலம்பல், முடிவில்கூட விடியல் கிடையாது. வேறு யாராவது வாசிக்கட்டுமா என்று கேட்டோம். "வேண்டாம், நானே வாசிக்கிறேன்" என்றார். நடுவில் குரல் அடைத்தது, நிறுத்தினார், மறுபடி அதே வசனத்திலிருந்து எடுத்துக் கடைசிவரை வாசித்தார். யாரும் விளக்கம் சொல்லவில்லை. அப்புறம் அவர் சொன்னது: "வந்தவங்க எல்லாரும் ஆறுதல் வசனம்தான் சொன்னாங்க. நான் ஆண்டவர்கிட்ட கேட்க நினைச்சதை இதுதான் கேட்டுச்சு." எங்களிடம் விட்டிருந்தால் ஆறுதலான 23-ம் சங்கீதத்தைத்தான் எடுத்திருப்போம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடகர் குழு வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறது, நல்லதுதான். ஆனால் ஞாயிறு வேதபாடம் வாசிக்க மட்டும் மணி அடித்த பிறகு வாசலில் நிற்கிற யாரையாவது பிடித்து அனுப்புகிறார்கள். அந்த ஆள் ராஜாக்கள் பெயரில் தடுக்கி, பாதியை விழுங்கிவிட்டு இறங்குகிறார். வேதத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை இவ்வளவுதானா? பல வருடமாகச் சொல்கிறேன், கமிட்டியில் யாருக்கும் இது பெரிய விஷயமாகவே படவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வருகைப் பதிவு வைக்காதீர்கள். விட்டுப்போனவர்கள் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டாம், அன்றைய பகுதியில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். பிரசங்கம் பண்ண ஆசைப்படுகிறவர்களை அன்பாக நிறுத்துங்கள். மிஞ்சியது இரண்டு பேர்தான் என்றாலும் நாளைக் காலை அதே நேரத்துக்கு ஆரம்பித்துவிடுங்கள்.