‘குருத்தெலும்பு வளரும்’ என்று ஊசி போட்டார்கள்: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். ‘ஆபரேஷன் இல்லாமல் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசியிலேயே குருத்தெலும்பு மறுபடி வளரும்’ என்ற ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துச் சென்னையில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அன்றே இரு முழங்காலிலும் ஊசி போட்டார்கள். செலவு 3,20,000 ரூபாய். இரண்டு லட்சம் இஎம்ஐ, மீதி ரொக்கம். ரொக்கத்துக்கு ரசீது தரவில்லை. 14 மாதமாகியும் வலி குறையவில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார் வேறொரு எலும்பு மருத்துவர். கிளினிக்கில் கேட்டால், இன்னொரு தடவை ஊசி போட வேண்டும், பணம் திரும்ப வராது என்று ஃபார்மிலேயே இருக்கிறது என்கிறார்கள். போலீசுக்குப் போகலாமா? (வாசகி, கடலூர் மாவட்டம்)

பதில்: போலீசை இப்போதைக்கு விடுங்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் மருத்துவர் மீதான குற்ற வழக்குக்கு உயரமான வேலி போட்டுவிட்டது. சாதாரண கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். உங்களுக்கான இடம் நுகர்வோர் ஆணையம்.

அங்கேயும் ‘வலி போகவில்லை’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். பலன் கிடைக்காதது சேவைக் குறைபாடு ஆகாது. ஊசி போடுமுன் அம்மாவிடம் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் உங்கள் வழக்கு.

ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்டது. சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, மனிதர்களுக்கு ஸ்டெம் செல் செலுத்துவது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, முறையாகப் பதிவு செய்த ஆய்வில் மட்டுமே செய்யலாம் என்பது அதன் சாரம். ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் வாங்கியது மூன்று லட்சத்துக்கு மேல்!

கிளினிக்கின் வக்கீல் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்கிறேன். ‘அவருடைய உடம்பிலிருந்தே எடுத்தோம், அதே அறையில் சுழற்றிப் பிரித்தோம், திரும்பச் செலுத்தினோம். இது மருந்தே இல்லை, 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள் எங்களுக்குப் பொருந்தாது. வழிகாட்டு நெறி என்பதும் சட்டம் இல்லை.’ வாதம் முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. அதிகம் பதப்படுத்தாத செல்களை அந்த விதிகளின் வரையறை வெளியே விடுகிறது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைக் கையில் எடுத்தால், ‘குருத்தெலும்பு வளரும்’ என்று எந்த ஆதாரத்தில் விளம்பரம் செய்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றையும் மறக்கக் கூடாது: மூட்டுத் தேய்மானத்துக்கென மருந்துக் கட்டுப்பாட்டு ஒப்புதல் பெற்று 2022இல் விற்பனைக்கு வந்த ஸ்டெம் செல் மருந்தும் நம் நாட்டில் உண்டு. ஆகவே ‘ஸ்டெம் செல் என்றாலே மோசடி’ என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். அந்த மருந்து குப்பியில் வரும், பேட்ச் எண் இருக்கும். உங்கள் அம்மாவுக்குப் போட்டது அதுவல்ல.

அடுத்தது ஒப்புதல் படிவம். சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி சிகிச்சையின் தன்மை, பலன், அபாயம், மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும். ஊசி போடும் மேஜைக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலு பக்கத்தை நீட்டி, ‘இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து’ என்று வாங்குவது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்றால் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்ற வரிக்குப் பயப்படாதீர்கள். ஆனால் அதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனித் தலைப்பாக எடுத்தால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிவரும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடவடிக்கை என்று நிறுத்திக்கொண்டால் மாவட்ட ஆணையமே போதும். ரசீது தராததும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கைதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவது. கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எவ்வளவு மஜ்ஜை எடுத்தார்கள், எந்தக் கருவியில் பிரித்தார்கள், எவ்வளவு செலுத்தினார்கள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் போனதும் அது மறைந்துவிடும். தாக்கல் செய்யும்போது, மின்னணு ஆதாரங்களுக்குப் புதிய சாட்சிய சட்டத்தின் (2023) 63ஆம் பிரிவு கேட்கும் சான்றும் சேர வேண்டும். ரொக்கத்துக்கு அன்று வங்கியில் எடுத்த பணத்தின் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் கைகொடுக்கும். இஎம்ஐயைக் கோபத்தில் நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம், சிபில் (கடன் மதிப்பெண்) அடிபடுவது உங்களுக்கு.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கடலூரில், தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. சிகிச்சை பெற்ற அம்மாவும் பணம் கட்டிய நீங்களும் சேர்ந்தே மனுதாரர் ஆகுங்கள். காலக்கெடு இரண்டு வருடம். ஊசி போட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், 10 மாதம் மிச்சம். கிளினிக் ‘அடுத்த மாதம் பேசலாம்’ என்று இழுத்தடித்தால் கெடு நிற்காது.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். பணம் வராது, விளம்பரம் செய்து நோயாளிகளை அழைத்ததற்காக அந்த மருத்துவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம், வழக்குக்காக அம்மாவின் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன்பே புது எம்ஆர்ஐ எடுத்து, ஊசிக்கு முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டு, குருத்தெலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டை மாற்றிய பிறகு அதைக் காட்ட வழியில்லை.