போர்க் கிணற்றை ஆழப்படுத்தினால் உப்புதான் ஏறும்: மீஞ்சூர் கொய்யாத் தோப்புக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் திருவொற்றியூரில் வேலை பார்க்கிறேன். மீஞ்சூரை அடுத்து அப்பா வைத்த 2 ஏக்கர் தோப்பு இருக்கிறது. லக்னோ-49 கொய்யா 120, சப்போட்டா 30, பங்கனப்பள்ளி மா 10, எலுமிச்சை 15. மணல் கலந்த மண். இந்தக் கோடையில் போரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, வருவதும் உப்புக் கரிக்கிறது. ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 2,600 என்றார்; ஜனவரியில் 1,100தான் இருந்தது. கொய்யாவில் பிஞ்சு கொட்டுகிறது, கீழ் இலைகளின் ஓரம் கருகுகிறது. உரக்கடையில் சொன்னார்கள் என்று பொட்டாஷ் வைத்தேன், பயனில்லை. போரை இன்னும் 100 அடி இறக்கலாமா, அல்லது டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போரை இறக்க வேண்டாம். கடன் வாங்கியாவது இறக்கிவிடலாம் என்று நினைத்திருந்தால் இன்றே அதைக் கைவிடுங்கள்.

உங்கள் ஊரில் நல்ல தண்ணீர் கடல் நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது. கடலோர மணற்பாங்கான நிலங்களில் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இந்தக் கணக்கு திரும்பியும் வேலை செய்யும். மேல் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்பு 40 அடி ஏறிவரும். ஜனவரியில் 1,100 இருந்த போர் மே மாதம் 2,600 காட்டுவது இதனால்தான். 100 அடி இறக்கினால் நீங்களே போய் உப்பைத் தொட்டு எடுப்பீர்கள். பக்கத்து ஊரில் அப்படி இறக்கிய ஒரு தோப்பை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு மாதம் தண்ணீர் பீறிட்டது, அடுத்த கோடையில் எலுமிச்சை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இது உங்கள் அப்பாவின் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை. அறுபதுகளின் கடைசியிலிருந்தே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து நிலத்தடி நீர் சென்னையின் தாகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதோடு தொழிற்சாலைகளும் நாமும் இறைத்தோம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஊட்டிய மணல் வெறுமையாக, கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் உங்கள் பக்கத்திலேயே வந்தது. 2019 கோடையில் புழல், சோழவரம் ஏரிகள் காய்ந்து கிடந்ததையும் பார்த்தோம். இன்னொன்று: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலில் உள்ள சென்னைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் புதிதாகக் கிணறு வெட்டவே அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் அதில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மரத்தைக் காப்பாற்றுவோம்.

வெயிலில் வாடும் மரம் சாயங்காலம் நிமிர்ந்துவிடும். உங்கள் இலைகளோ முதிர்ந்த இலையின் நுனியிலும் ஓரத்திலும் கருகுகின்றன. அது உப்பின் அடையாளம். கடையில் கொடுத்தது மியூரியேட் ஆஃப் பொட்டாஷாகத்தான் இருக்கும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடு இருக்கிறது. உப்புப் பட்ட மரத்துக்கு அது மேலும் உப்பு. உடனே நிறுத்துங்கள். சாம்பல் சத்து வேண்டுமென்றால் மழை வந்த பிறகு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வையுங்கள். யூரியாவும் இப்போது வேண்டாம். புதுத் தளிர் வந்தால் மரம் இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும்.

கொய்யாவில் மிச்சமிருக்கும் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் இந்தப் பருவக் காயைக் காப்பாற்றப் பார்த்தால் மரமே போய்விடும். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து, வெயில் படும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். கொய்யா அடங்காத மரம், மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். சப்போட்டாவில் மட்டும் கத்தி வைக்காதீர்கள்; அது மெதுவாக வளர்வது, இழந்த கிளையைத் திரும்ப எடுக்க வருடங்கள் ஆகும். உப்பைத் தாங்குவதிலும் இந்த நான்கில் அதுதான் முன்னே நிற்கும். எலுமிச்சையும் மாவும் பின்தங்கியவை. மாவுக்கு ஆழ வேர் இருப்பதால் பிழைத்துக்கொள்ளும். எலுமிச்சைக்கு இந்தப் போர்த் தண்ணீரை ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள்.

வெட்டிய கொய்யாக் கிளை, வைக்கோல், தென்னை மட்டை எது கிடைத்தாலும் அரை அடி உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள், இல்லாவிட்டால் கரையான் ஏறும்.

டேங்கர் பற்றிக் கேட்டீர்கள். காப்பதற்கு மட்டும் வாங்கலாம், விளைவிக்க வாங்கக் கூடாது. கொய்யாவுக்கு 20 லிட்டர், சப்போட்டாவுக்கு 40 லிட்டர் என்று வாரம் இரண்டு முறை, ராத்திரியில் ஊற்றினால் வாரத்துக்கு 7,200 லிட்டர் போதும். 12,000 லிட்டர் லாரி ஒன்று 11 நாள் வரும். எலுமிச்சைக்கும் அதிலிருந்தே கொஞ்சம் கொடுங்கள். இறக்குவதற்கு முன் அந்தத் தண்ணீரிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். அதுவும் இதே மாவட்டத்தில் யாரோ ஒருவரின் வயல் கிணற்றிலிருந்து வருவதாக இருக்கலாம். அந்தக் கிணறும் ஒருநாள் உங்கள் போரைப் போல ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. அதனால்தான் இதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

நிலையான வழி மழைதான். உங்கள் பக்கத்தில் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தோப்பில் தண்ணீர் நின்றிருக்கும், அதே தோப்புக்கு மே மாதம் லாரி கேட்கிறோம். அந்த மூன்று மாதத்தில் 600 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொண்டாலும் உங்கள் 2 ஏக்கரில் விழுவது 48 லட்சம் லிட்டர். பத்து சென்டில், மேலே 20 மீட்டர் சதுரமும் 3 மீட்டர் ஆழமும் சரிந்த கரையுமாக ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால் ஏறத்தாழ 8.75 லட்சம் லிட்டர் நிற்கும். மணல் மண் என்பதால் 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் விரித்தே ஆக வேண்டும். வெயிலில் ஆவியாவது போக 6 லட்சம் லிட்டர் கைக்கு வரும். நடுக்கோடையில் கொய்யாவுக்கு நாளைக்கு 35, சப்போட்டாவுக்கு 60 லிட்டர் என்றால் மொத்தம் 6,000 லிட்டர், ஆக 100 நாள். பிப்ரவரி பாதியிலிருந்து மே கடைசி வரை ஓட்டிவிடலாம், அதுவும் சொட்டுநீரில் விட்டால். சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. நிலம் அப்பா பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எடுத்துக்கொண்டு தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள்.

போரை அடியோடு மூட வேண்டியதில்லை. மழைக்குப் பின் மேல்மட்டத்தில் நல்ல தண்ணீர் சேரும்போது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும், மெதுவாக இறைக்கலாம். அந்தக் காலத்தில் கிணறும் துரவும் மேல் தண்ணீரை மட்டும் மொண்டதால்தான் கரிக்காமல் இருந்தன. டிடிஎஸ் மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கி வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். 1,000 வரை எலுமிச்சை தவிர எல்லாவற்றுக்கும் விடலாம். அதற்கு மேல் 2,000 வரை குட்டைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் விடுங்கள். 2,000 தாண்டினால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.

குட்டைக்கு ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வேலை. இந்த மாதமே, தண்ணீர் மட்டம் அடியில் கிடக்கும்போது, இடம் பார்த்து ஒரு ஆள் குழியை 10 அடிக்குத் தோண்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். மே மாதத்திலேயே தண்ணீர் ஊறினால், மழைக்காலத்தில் அது ஷீட்டை அடியிலிருந்து தூக்கிவிடும். அப்படியானால் ஆழத்தை 5 அடியோடு நிறுத்தி, எடுத்த மண்ணைக் கரையாக உயர்த்துங்கள். ஊறிய தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு, எத்தனை அடியில் ஊறியது என்று எழுதுங்கள், குட்டையின் அளவைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.