கடிதம் உங்கள் பெயருக்கு வந்தது

கேள்வி: எனக்கு 28 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன ஆவணியில் கலியாணம் நடந்தது. அவர் லண்டனில், ஹரோவில் இருக்கிறார். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். மூன்று கிழமை லீவில் வந்து நின்றுவிட்டுப் போனார். ஆங்கிலப் பரீட்சை எழுதி, காசநோய்ப் பரிசோதனை செய்து, கொழும்புக்குப் போய்க் கைரேகையும் கொடுத்து, கணவரோடு போய் வாழ்வதற்கான ஸ்பவுஸ் வீசாவுக்கு விண்ணப்பித்தோம். 16 நாட்களுக்கு முன் மறுத்துவிட்டார்கள். எங்கள் உறவு உண்மையானது என்று நம்பவில்லையாம். சம்பள விபரத்திலும் ஏதோ குறையாம். படிவம் நிரப்பியது அவருடைய அண்ணா. ஈமெயிலும் அண்ணாவுடையதைத்தான் கொடுத்தோம். அதனால் கடிதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டால், ‘அண்ணா பாக்கிறார், நீர் யோசியாதையும், உமக்கு அது விளங்காது’ என்கிறார் இவர். அவருக்கு வேலை முடிய எங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால் ஞாயிறுகளில்தான் கதைப்போம். அப்பீல் செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா? தெரிந்த ஒருவர், காசு கொடுத்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அப்பா வீடும் காணியும் எழுதிக் கொடுத்துச் செய்து வைத்த கலியாணம் இது. ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை.

பதில்: தங்கச்சி, அப்பீலா புது விண்ணப்பமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வந்து போகிறது. ‘கடிதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.’ அந்த வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

16 நாளாகியும் பார்க்கவில்லை. உங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு அரசாங்கம் எழுதிய கடிதம். உங்கள் கலியாணம் உண்மையானதாகத் தெரியவில்லை என்று சொல்லும் கடிதம். அதை லண்டனில் ஒருவர் வாசித்துவிட்டார், அவருடைய தம்பியும் வாசித்திருப்பார். நீங்கள் மட்டும் ‘நம்பவில்லையாம்’, ‘குறையாம்’ என்று கேள்விப்பட்டதை எனக்கு எழுதுகிறீர்கள். எழுதும்போது உங்களுக்கே உறைக்கவில்லையா?

ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டன் சட்டத்தின்படி இந்த வீசாவுக்கு விண்ணப்பித்தவர் நீங்கள். உங்கள் கணவர் ஸ்பொன்சர், அதாவது உங்களை அங்கே அழைப்பவர், மட்டும்தான். அவருடைய அண்ணாவுக்கு இதில் எந்த இடமும் இல்லை. மறுப்பு உங்கள் பெயருக்கு வந்தது. அப்பீல் போட்டால் அதுவும் உங்கள் பெயரில்தான் போகும். படிவத்தில் உள்ள ஒவ்வொரு பதிலும் நீங்கள் சொன்ன பதிலாகத்தான் கணக்கில் எடுக்கப்படும். எப்போது முதலில் சந்தித்தீர்கள், எவ்வளவுக்கு ஒருமுறை கதைக்கிறீர்கள், அவருக்கு முன்பு கலியாணம் நடந்ததா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். அதற்கெல்லாம் அந்த அண்ணா என்ன எழுதினார் என்று உங்களுக்குத் தெரியுமா? பொய்யாக ஒரு பதில் போயிருந்தால், அந்தப் பழி பல வருடம் உங்கள் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், முன்பு எங்கேயாவது வீசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் எழுதப் போவதும் நீங்கள்தான்.

ஆங்கிலப் பரீட்சை எழுதிப் பாஸான பெண், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற பெண், உங்களுக்கு அந்தக் கடிதம் விளங்காதா? அகராதியை வைத்துக்கொண்டு ஒரு இரவு இருந்தால் விளங்கும். உங்கள் அப்பா மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. சீதனமாக வீடும் காணியும் எழுதிய அன்று உறுதிப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் வாசித்திருப்பார், எல்லை சரியா என்று இரண்டு பேரிடம் கேட்டிருப்பார். மகளுக்கு வந்த கடிதத்தை ஏன் கேட்டு வாங்கி வாசிக்கவில்லை?

பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் இதே மாதிரி எனக்கு எழுதினாள். மறுத்ததற்குக் காரணம் சம்பளம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் வற்புறுத்திய பிறகுதான் கடிதத்தை வாங்கி வாசித்தாள். கணவனின் முதல் கலியாணத்துக்கான விவாகரத்துப் பத்திரம் இணைக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. முதல் கலியாணம் ஒன்று இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த அண்ணா நல்ல மனதோடுதான் ஓடித் திரிந்திருக்கலாம். தம்பிக்காக அலைகிற அண்ணன்மாரை நான் மதிக்கிறேன், எங்கள் குடும்பங்கள் நிற்பதே அப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் மனைவிக்கு வந்த கடிதத்தை மனைவியிடம் கொடுப்பது கணவனின் கடமை. அதை அண்ணாவின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இனி உங்கள் கேள்வி. வெளிநாட்டில் இருந்து அப்பீல் செய்பவருக்கு, மறுப்புக் கிடைத்ததில் இருந்து 28 நாள் அவகாசம். நீங்கள் கொடுத்த முகவரி அண்ணாவின் ஈமெயில் என்பதால், அங்கே வந்த நாளில் இருந்தே எண்ணுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதில் அச்சாகி வரும்வரை தாங்காது என்றுதான் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு வரி ஈமெயில் அனுப்பினேன். பிந்தினாலும் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். ஆனால் கடிதத்தை வீட்டுக்காரர் காட்டவில்லை என்ற காரணத்தை நம்பி இருக்காதீர்கள்.

கட்டணம், பத்திரங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு 80 பவுண், நேரடி விசாரணை வேண்டுமென்றால் 140 பவுண். உறவை நம்பவில்லை என்று சொன்ன வழக்கில் 140 பவுணைக் கட்டி விசாரணை கேளுங்கள். 60 பவுண் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

2015 ஏப்ரலில் இருந்து, இப்படிப்பட்ட வழக்கில் மனித உரிமை என்ற ஒரே அடிப்படையில்தான் அப்பீல் செய்யலாம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆவது உறுப்புரை சொல்லும் குடும்ப வாழ்க்கைக்கான உரிமை அது. வீசா விதிகளை நீங்கள் பூர்த்தி செய்கிறீர்கள் என்று காட்டினால் அங்கே அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. மறுப்புக்குப் பிறகு நடந்தவற்றையும் நீதிபதி பார்க்கலாம். உங்கள் கணவர் இப்போது லீவு போட்டு யாழ்ப்பாணம் வந்து உங்களோடு இரண்டு கிழமை நின்றால், கலியாண அல்பத்தில் உள்ள அத்தனை படங்களையும் விட அந்தப் பயணம் கனமான சாட்சி.

அதேசமயம், சம்பளப் பத்திரம்தான் உண்மையான குறை என்றால் நிலைமை வேறு. 2024 ஏப்ரல் 11க்குப் பிறகு முதல் தடவையாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஸ்பொன்சரின் வருட வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும். அதற்கு முன் 18,600 ஆக இருந்தது. ஒரே வேலையில் இருக்கிறவர் ஆறு மாத பே சிலிப், அந்தச் சம்பளம் விழுந்ததைக் காட்டும் அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாம் வைக்க வேண்டும். ஒரு மாதத் தாள் விடுபட்டதற்காகவும் மறுப்பார்கள். அப்படி ஒரு தாள்தான் பிரச்சினை என்றால், மாதக்கணக்கில் அப்பீலுக்குக் காத்திருக்காமல் சரியான பத்திரங்களோடு திரும்ப விண்ணப்பிப்பதே மேல். கட்டணம் கிட்டத்தட்ட 2,000 பவுண் திரும்பவும் போகும், அங்கத்தைய அரச மருத்துவ சேவைக்கான சுகாதாரக் கட்டணம் வேறு. ஆனால் உறவே உண்மையில்லை என்று எழுதியிருந்தால், அதற்குப் பதில் சொல்லாமல் புதிதாக விண்ணப்பித்துப் பயனில்லை. அடுத்த அதிகாரியும் பழைய கோப்பைத் திறந்து பார்ப்பார். உங்களுக்கு எது பொருந்தும் என்று நான் எப்படிச் சொல்ல? கடிதத்தை நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

விசாரணை வந்தால் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். சாட்சிக் கூண்டில் நிற்கப் போவது உங்கள் கணவர். வீசாவை மறுத்த ஹோம் ஒபிஸ், அதாவது பிரிட்டனின் உள்துறை அமைச்சின் தரப்பில் ஒருவர் எழும்பி, மனைவி எந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறா, கடைசியாக எப்போது கதைத்தீர்கள், மறுப்புக் கடிதம் வந்த அன்று அவ என்ன சொன்னா என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வார்? மனைவி இன்னும் கடிதத்தையே பார்க்கவில்லை என்றா? ஞாயிறுகளில் மட்டும் கதைக்கிற புருஷன் பெண்சாதியின் உறவை அந்த அதிகாரி ஏன் சந்தேகித்தார் என்று கேட்டால், எனக்கு அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நேர வித்தியாசத்தைச் சாட்டாகச் சொல்லாதீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தினமும் காலையில் ஐந்து நிமிடம் கதைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களை உங்கள் ஒழுங்கையிலேயே காட்ட முடியும்.

காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் அந்தத் ‘தெரிந்தவரிடம்’ ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்ல ஒன்றில் தகுதி பெற்ற லோயராக இருக்க வேண்டும், இல்லையென்றால் முறையான பதிவு வேண்டும். அது இல்லாமல் அந்தத் தொழில் செய்வது அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவு இருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லோயர் வைத்தாலும், அவர் எழுதுவதெல்லாம் உங்கள் ஈமெயிலுக்கும் வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் தலைகாட்டுவதைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இன்றைக்கு இரவு விழித்திருங்கள். நள்ளிரவு தாண்டினாலும் பரவாயில்லை, ஞாயிறு வரை வைத்திருக்க வேண்டாம். அண்ணாவிடம் கேட்க வேண்டாம், கணவரிடமே கேளுங்கள். ‘எனக்கு வந்த கடிதத்தையும் நீங்கள் அனுப்பிய படிவத்தையும் இப்போதே எனக்கு அனுப்புங்கோ’ என்று சொல்லுங்கள். அனுப்பும்வரை போனை வைக்காதீர்கள். கையில் வந்ததும், அப்பீல் உரிமை பற்றி எழுதியிருக்கும் பகுதியை முதலில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பிறகு ஈமெயில் வந்த தேதியைப் பார்த்து, 28ஆவது நாள் எது என்று கலண்டரில் குறியுங்கள்.